பிளாஸ்டிக் செடிக்குப் போட்டியாக உங்கள் தோட்டத்துச் செடி

பண்டிகை நாளில் வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டுவது நம் வழக்கம். இன்று பல வீடுகளின் நிலைப்படியில் தொங்குவது மாமரத்து இலை அல்ல, பிளாஸ்டிக் இலை. ஒரு முறை ஆணியில் மாட்டிவிட்டால் அடுத்த பொங்கல் வரை கழற்ற வேண்டியதில்லை. சாயம் வெளுத்தால் கடையில் இன்னொன்று வாங்கிக்கொள்கிறார்கள்.

தோரணத்தோடு இது நிற்கவில்லை. ஓட்டல் சுவரில் பச்சைப்பசேல் என்று படர்ந்திருக்கும் கொடி, துணிக்கடை வாசலில் நிற்கும் பனை, கல்யாண மண்டபத்து மேடையில் தொங்கும் பூச்சரம், மொட்டை மாடியில் விரித்த புல்தரை எல்லாமே செயற்கையாக வந்துவிட்டன. தொட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது.

இது பட்டணத்தார் சமாசாரம், நமக்கென்ன என்று உழவர்கள் இருந்துவிட முடியாது. ஒரு வாசலில் பிளாஸ்டிக் தோரணம் ஏறினால், பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, ஆயுதபூஜை, தீபாவளி என்று வரும் எந்த நாளிலும் அந்த வீட்டார் மாவிலை வாங்கமாட்டார்கள். ஒரு மண்டபத்தில் பிளாஸ்டிக் பூ ஏறினால், எத்தனை முகூர்த்தம் நடந்தாலும் மேடைக்குச் சாமந்தி தேவைப்படாது. மாவிலை, தென்னங்குருத்து, கமுகம்பூ, சாமந்தி, வாழை என்று நம் கொல்லையிலிருந்து போய்க்கொண்டிருந்த பல பொருள்களின் இடத்தை இந்தச் சரக்கு பிடித்துக்கொள்கிறது. அந்த இடத்தில் ஒரு பகுதியையாவது மீண்டும் பிடிக்க என்ன வழி என்பதே இந்த வாரக் கட்டுரை.

செயற்கைப் பூ நமக்குப் புதிதா?

செயற்கைப் பூ தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஏரி, குளங்களில் வளரும் நெட்டிச் செடியின் தண்டைக் காயவைத்து, மேல் தோலைச் சீவி, உள்ளிருக்கும் வெண்ணிறத் தக்கையை வெட்டிப் பூவும் மாலையும் செய்வது பழைய கைத்தொழில். தஞ்சாவூரின் நெட்டி வேலைக்கு 2020-ம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. கும்பகோணம் வட்டாரத்தில் மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளின் கழுத்தில் கட்ட நெட்டி மாலை செய்கிறார்கள். வெள்ளைக்காரர் காலத்துச் ‘சோலா தொப்பி’ செய்யப்பட்டதும் இதே தக்கையில்தான். வங்காளத்தில் கல்யாண மாப்பிள்ளை அணியும் வெண்ணிறக் கிரீடத்தையும் இதில்தான் செய்கிறார்கள்.

ஆனால் நெட்டிப் பூ செடியில் பிறந்தது. குப்பைக்குப் போனால் மக்கி மண்ணாகிவிடும். பிளாஸ்டிக் பூவின் கதை வேறு. 1950-களின் பிற்பகுதியில் ஹாங்காங்கில் பிளாஸ்டிக் பூத் தொழில் பெரிதாக வளர்ந்தது. பிற்காலத்தில் ஆசியாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான லீ கா-ஷிங் முதலில் செல்வம் சேர்த்ததும் பிளாஸ்டிக் பூ விற்றுத்தான். 1967-ல் ஹாங்காங்கை உலுக்கிய கலவரமும் ஒரு செயற்கைப் பூத் தொழிற்சாலையின் தொழிலாளர் தகராறிலிருந்துதான் கிளம்பியது. பின்னர் தொழில் சீனாவுக்கு நகர்ந்தது. இன்று உலகச் சந்தையில் விற்கும் செயற்கைப் பூ, இலைகளில் மிகப் பெரும்பகுதி சீனத் தயாரிப்பே.

எதில் செய்கிறார்கள்?

பாலிஎத்திலீன், பி.வி.சி. போன்ற பிளாஸ்டிக் குருணைகளை உருக்கி அச்சில் செலுத்தி இலையும் காம்பும் எடுக்கிறார்கள். மென்மையான இதழுக்குப் பாலியெஸ்டர் துணியை வெட்டிச் சூடான அச்சில் அழுத்துகிறார்கள். தண்டுக்குள் கம்பி வைக்கிறார்கள். ஒரே அச்சில் ஆயிரக்கணக்கான இலைகள் வருவதால் அடக்கவிலை குறைகிறது.

வெயிலில் வைத்தால் இதன் ஆயுள் குறைவு. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பட்டுப் பட்டு நிறம் வெளுக்கும்; பிறகு நொறுங்கும். நொறுங்கிய தூள் மண்ணில் மக்காது. செயற்கைப் புல்தரை வெயிலில் கடுமையாகச் சூடேறும். உயிருள்ள புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்வதால் அந்தச் சூடு அதில் இல்லை.

உழவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஆபத்துகள் இரண்டு. முதலாவது, கழித்துப்போட்ட மாலைகளையும் தோரணங்களையும் மேய்ச்சல் மாடு தின்றுவிடுவது. பிளாஸ்டிக் இரைப்பையில் தங்கிச் சேர்ந்து மாட்டின் உயிருக்கே உலை வைக்கும். இரண்டாவது, கோயில், மண்டபக் கழிவுப் பூக்களோடு பிளாஸ்டிக் பூ கலந்து எருக்குழிக்கு வருவது. கழிவுப் பூ வாங்கி உரம் தயாரிப்போர் குழியில் கொட்டுமுன் கையால் பிரித்துவிட வேண்டும். பிரித்ததை வயலில் போட்டுக் கொளுத்தவும் கூடாது. பி.வி.சி. எரிந்தால் அமில வாயுவும் டயாக்சின் என்னும் கொடிய நச்சும் வெளிப்படும்.

தடை வரும் என்று காத்திருக்கலாமா?

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் சிலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் இன்னொரு தடை வந்தது. அந்தப் பட்டியலில் அலங்காரத்துக்கான தெர்மாகோல் இருக்கிறது. பிளாஸ்டிக் பூ இடம்பெறவில்லை.

மகாராஷ்டிர மாநிலத்துப் பூ விவசாயிகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் பூக்களுக்குத் தடை கேட்டுப் பூ வளர்ப்போர் அமைப்பு ஒன்று தொடுத்த பொதுநல வழக்கு, 2024-ல் மும்பை உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. செயற்கைப் பூக்களுக்குத் தடை கொண்டுவரப்படும் என்று 2025 ஜூலையில் அந்த மாநிலத் தோட்டக்கலை அமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

உழவர்கள் ஒன்றுசேர்ந்து கேட்டால் சட்டமன்றம் வரை பேச்சு போகும் என்பதற்கு இது சான்று. என்றாலும் தடையை மட்டுமே நம்பி உட்கார்ந்திருப்பது மழையை நம்பி விதையைக் கொட்டிவிட்டுக் கிணற்றை மறப்பது போலத்தான். வாங்குகிறவர் ஏன் பிளாஸ்டிக்கைத் தேடிப் போகிறார் என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

வாங்குகிறவர் மனத்தில் இருப்பது என்ன?

ஓட்டல்காரரோ கடைக்காரரோ பிளாஸ்டிக் செடியை அழகுக்காக மட்டும் வாங்குவதில்லை. ‘தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை, வாங்கி வைத்த செடி பத்து நாளில் வாடிப்போயிற்று, இலை உதிர்ந்து குப்பையாகிறது, பூச்சி வருகிறது’ என்பவைதான் அவர் சொல்லும் குறைகள். பிளாஸ்டிக் வியாபாரி அவருக்கு விற்பது செடியின் உருவம் மட்டுமல்ல, கவலை இல்லாத நிலையும்தான்.

ஆகவே நாமும் செடியோடு அந்தக் கவலையின்மையையும் சேர்த்து விற்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பராமரிப்பு அதிகம் கேட்காத செடிகளாகத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது. இன்னொன்று, செடியை விற்காமல் வாடகைக்கு வைத்து, வாடுவதற்குள் நாமே மாற்றிக் கொடுப்பது.

செஞ்சியில் இப்போது ஏன்?

செஞ்சி வட்டாரத்தில் நெல், மணிலா, கரும்பு, உளுந்து ஆகியவை முக்கியப் பயிர்கள். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டைகள் வந்து குவிவதை அறியாதவர் இல்லை. மல்லாட்டையும் நெல்லும் கைகொடுக்கும் ஆண்டில் கவலை இல்லை. கைவிடும் ஆண்டில்தான் மாதாமாதம் கொஞ்சம் பணம் வரும் இன்னொரு வழி தேவைப்படுகிறது.

2025 ஜூலை 11-ம் தேதி, பாரிஸில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு, மராட்டியர் காலத்து 12 கோட்டைகளை ஒரே தொகுதியாக உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். சிவாஜி 1677-ல் கைப்பற்றிய கோட்டை இது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் மதிலால் வளைத்துக் கட்டியது.

இப்படிப் பெயர் பெற்ற ஊருக்கு வெளியூரார் கூடுதலாக வருவார்கள். அவர்களுக்காகச் சாப்பாட்டுக் கடைகளும் தங்கும் விடுதிகளும் பெருகும். செஞ்சியோ திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. பக்கத்தில் மேல்மலையனூர் அங்காளபரமேஸ்வரி கோயிலுக்கு அமாவாசைதோறும் பெருங்கூட்டம் வருகிறது. சாலையோரக் கடைகளும் விடுதிகளும் மண்டபங்களும் தங்கள் வாசலைப் பச்சையாக்க நினைக்கும்போது, சீனத்துப் பிளாஸ்டிக் போய் நிற்கவேண்டுமா, செஞ்சி மண்ணில் வளர்ந்த செடி நிற்கவேண்டுமா என்பதை இப்போதே தீர்மானிக்கலாம்.

பிளாஸ்டிக்குக்கு ஈடாக எந்தச் செடிகள்?

*நிழலில் வைக்க:* முதலிடம் மருளுக்கு. கத்திபோல நிமிர்ந்து நிற்கும் இந்தச் செடியின் பல வகைகள் நர்சரிகளில் விற்கின்றன. இதே இனத்தைச் சேர்ந்த நம் நாட்டு மருளின் நாரில் அந்தக் காலத்தில் கயிறும் வில் நாணும் திரித்தார்கள். இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒரு முறை தண்ணீர் விட்டால் போதும். ஜீ ஜீ செடி என்று நர்சரிக்காரர்கள் சொல்லும் ஜாமியோகுல்காஸ், மணி பிளான்ட், அக்லோனிமா, டிரசீனா ஆகியவையும் மங்கிய வெளிச்சத்தைத் தாங்கும். பிளாஸ்டிக்கில் அதிகமாகக் காப்பியடிக்கப்படும் அரிகா பனையைச் சன்னல் ஓரத்திலோ தாழ்வாரத்திலோ வைக்கலாம்.

*வெயிலில் வைக்க:* காகிதப்பூ என்று நாம் அழைக்கும் போகன்வில்லாவுக்கு நிகரில்லை. பெயர்தான் காகிதம், செடி அசல் செடி. நன்றாக வேர் பிடித்த பிறகு தண்ணீரைக் கொஞ்சம் காய்ச்சிக் காய்ச்சி விட்டால்தான் நன்றாகப் பூக்கும். வறட்சியான செஞ்சி மண்ணுக்குத் தக்கது. சோற்றுக்கற்றாழை, இட்லிப்பூ, நந்தியாவட்டை, அக்காலிபா ஆகியவையும் ஏற்றவை. குரோட்டன்ஸ் இலைக்கு நிறம் ஏற வெளிச்சம் தேவை. உச்சி வெயிலுக்குச் சிறிது நிழல் இருந்தால் நல்லது.

*விழா அலங்காரத்துக்கு:* இதற்குப் புதிதாக நிலம் ஒதுக்க வேண்டியதில்லை. வரப்பிலும் கிணற்றடியிலும் இருக்கும் மா, தென்னை, வாழை, பனையே மூலதனம். பல மண்டபக்காரர்கள் பிளாஸ்டிக்குக்கு மாறியதற்கு ஒரு காரணம், குறித்த நேரத்தில் இலையும் குருத்தும் வந்து சேர்வதில்லை என்பது. முகூர்த்த நாள்களைப் பஞ்சாங்கத்தில் குறித்து வைத்துக்கொண்டு, மண்டபக்காரரிடமும் பந்தல்காரரிடமும் முன்கூட்டியே பேசி, வாழைமரம் ஒரு ஜோடி, கட்டிய மாவிலைத் தோரணம் இத்தனை முழம், குருத்தோலைத் தோரணம் இத்தனை என்று முடித்துக் கொடுத்தால் அந்தக் குறை தீரும். இலையாக விற்பதைவிடக் கட்டிய தோரணமாக விற்றால் கைக்கூலியும் வீட்டில் தங்கும்.

ஒரு சென்டில் நாற்றங்கால்

ஆரம்பத்திலேயே பெரிதாகப் போகவேண்டாம். ஒரு சென்ட், அதாவது சுமார் 435 சதுர அடி இடம் போதும். ஒரு சதுர அடிக்கு 4 பைகள் என்று அடுக்கினால் 1000 பைகளுக்கு 250 சதுர அடி ஆகும். மீதி இடம் நடைபாதைக்கும் மண் கலக்கவும் சரியாக இருக்கும். கிணற்றுக்கோ தண்ணீர்த் தொட்டிக்கோ பக்கமாக இடத்தைத் தேர்ந்தெடுக்கவும். சவுக்குக் கழி நட்டு 50 சதவீத நிழல்வலை கட்டினால் போதும்.

மண் கலவைக்குச் செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் 1 பங்கு சேர்க்கவும். மருள், கற்றாழை போன்றவற்றுக்கு மணலைக் கூட்டிக்கொள்ளலாம். பச்சைச் சாணம் கலந்தால் வேர் வெந்துபோகும். பையின் அடியில் வடிகால் துளைகள் கட்டாயம் இருக்க வேண்டும்.

கன்று உற்பத்தி முறைகள் வருமாறு:

மருள்: இலையை 3 அல்லது 4 அங்குலத் துண்டுகளாக வெட்டி, ஒன்றிரண்டு நாள் நிழலில் வைத்து வெட்டுவாய் காய்ந்த பிறகு, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி நடவும். தலைகீழாக நட்டால் வேர் பிடிக்காது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஓரத்தில் மஞ்சள் பட்டை உள்ள வகையை இலைத்துண்டு மூலம் பெருக்கினால், வரும் கன்றில் மஞ்சள் இராது. வெறும் பச்சையாகவே வரும். மஞ்சள் பட்டை வேண்டுமானால் கிழங்கோடு பக்கக்கன்றைப் பிரித்துத்தான் நட வேண்டும். விலையும் மஞ்சள் பட்டைக்கே கூடுதல்.

மணி பிளான்ட்: இரண்டு, மூன்று கணு உள்ள துண்டை, ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி நட்டால் 3 அல்லது 4 வாரத்தில் வேர் பிடிக்கும். ஆரம்பக்காரர்களுக்கு இதுவே எளிது.

ஜீ ஜீ செடி: சிற்றிலையை நட்டாலும் கன்று வரும். ஆனால் விற்கும் பருவத்துக்கு வர ஓராண்டுக்குக் குறையாது. கிழங்கைப் பிரித்து நடுவது விரைவான வழி.

போகன்வில்லா: பென்சில் கனமுள்ள முற்றிய தண்டை 15 முதல் 20 செ.மீ. நீளத்துக்கு வெட்டி மழைக்காலத்தில் நடவும்.

குரோட்டன்ஸ்: தண்டுக் குச்சி நட்டும் பெருக்கலாம். விண்பதியம் போட்டால் பெரிய கன்றாகவே கிடைக்கும்.

சோற்றுக்கற்றாழை: தாய்ச் செடியைச் சுற்றி வரும் பக்கக்கன்றுகளை எடுத்து நடவும்.

அரிகா பனை: புதிய விதையாக இருக்கவேண்டும். பழைய விதை முளைக்காது. முளைக்க இரண்டு, மூன்று மாதம்கூட ஆகலாம். பொறுமை உள்ளவர்கள் ஈடுபடலாம்.

மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் இந்தச் செடிகளுக்கு முக்கிய எதிரிகள். சில செடிகளில் மட்டும் கண்டால் ஈரத்துணியால் துடைத்தே அகற்றிவிடலாம். பரவினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலை வேளையில் தெளிக்கவும். கிணற்று நீர் உப்பாக இருந்தால் இலை நுனி கருகும். மழைநீரைச் சேமித்து ஊற்றுவது நல்லது.

விற்பதா, வாடகைக்கு விடுவதா?

செடியை விற்றால் ஒரு முறை பணம் கிடைக்கும். வாங்கியவர் தண்ணீர் ஊற்றாமலோ அளவுக்கு மீறி ஊற்றியோ செடியைக் கொன்றுவிட்டால், பழி செடிமேல்தான் விழும். அடுத்த முறை அவர் பிளாஸ்டிக் கடைக்குப் போவார். தொட்டிச் செடிகள் காய்ந்து சாவதைவிட, வேர் அழுகிச் சாவதே அதிகம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பெருநகரங்களில் அலுவலகங்களுக்குத் தொட்டிச் செடிகளை மாத வாடகைக்கு வைக்கும் தொழில் நடந்து வருகிறது. அதைச் சிறிய ஊரிலும் செய்யலாம். ஒரு விடுதிக்கு 30 தொட்டிகள் என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் 30 இருந்தால் போதாது. 30 விடுதியில் நிற்கும்போது இன்னொரு 30 நம் நிழல்வலையில் ஓய்வெடுத்துத் தேற வேண்டும். வாடியதற்கு மாற்றாக இன்னும் ஒரு பத்து இருப்பது நல்லது. ஆக, 70 தொட்டிகள் தேவை. பதினைந்து நாளைக்கு ஒரு முறை மாற்றி வைக்க வேண்டும்.

வாடகையைக் கணக்கிடும்போது 30 தொட்டிக்கு அல்ல, 70 தொட்டிக்கான செலவையும் பார்க்க வேண்டும். கன்று, தொட்டி, மண், எரு, தண்ணீர், ஏற்றி இறக்கும் வண்டிச் செலவு, உங்கள் வீட்டார் உழைப்புக்கான கூலி அனைத்தையும் எழுதிக் கூட்டி, அதன்மேல் லாபம் வைக்கவும். வீட்டு ஆள் வேலைதானே என்று கூலியை விட்டுவிடுவதுதான் சிறு உழவர்கள் பலரும் செய்யும் தவறு. தொட்டி உடைந்தால் யார் பொறுப்பு, எந்தத் தேதியில் பணம், யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுவது நல்லது.

ஒருவராகச் செய்ய முடியாதவர்கள் நான்கைந்து பேராகச் சேரலாம். மகளிர் சுய உதவிக் குழுவினருக்கு இது மிகவும் ஏற்ற வேலை. ஒருவர் மருள், இன்னொருவர் குரோட்டன்ஸ் என்று பிரித்துக்கொண்டு வளர்த்தால் விடுதிக்காரருக்கு எல்லா வகையும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

பொய் சொல்லி விற்க வேண்டாம்

வீட்டுக்குள் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்று பலர் சொல்லி விற்கிறார்கள். அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா 1989-ல் வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு இது. மூடிய சிறு கண்ணாடி அறையில் செய்த சோதனை அது. சாதாரண அறையில் அந்தப் பலன் கிடைக்க ஒரு சதுர மீட்டருக்குப் பத்துக்கு மேற்பட்ட செடிகள் வேண்டியிருக்கும் என்று 2019-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். வாசலில் குளிர்ச்சி, கண்ணுக்கு இதம், வாடினால் மாற்றித் தருகிறோம் என்று உள்ளதைச் சொன்னாலே போதும்.

அதுபோலவே தீமையையும் மறைக்கக் கூடாது. மணி பிளான்ட், ஜீ ஜீ, அக்லோனிமா இலைகளைக் குழந்தைகள் கடித்தால் வாயும் தொண்டையும் எரியும். ஆடு மாடுகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும். அரளி நச்சுச் செடி. குழந்தைகள் நடமாடும் விடுதிக்கும் தொழுவத்துப் பக்கத்துக்கும் அது வேண்டாம்.

வெளிச்சமே புகாத அறை, ஏணி வைத்தாலும் எட்டாத பெயர்ப்பலகை போன்ற இடங்களில் உயிர்ச்செடி நிலைக்காது. அங்கே செடி வைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாடாத பூவும் நம்மிடம் உண்டு

அப்படிப்பட்ட இடத்துக்கும் பிளாஸ்டிக் ஒன்றே கதி என்பதில்லை. உலர்மலர் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து காய்ந்த பூ, காய், தண்டு, ஓலை ஆகியவை அலங்காரப் பொருளாக வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. நாம் வயலில் கழிவென்று விடும் பருத்தி ஓடு, தாமரைக் காய், பனம்பூத் தண்டு முதலியவை அங்கே சரக்காகின்றன.

வாடாமல்லியின் பெயரே அதன் குணத்தைச் சொல்கிறது. காய்ந்த பிறகும் நிறம் மங்காமல் பல மாதம் இருக்கும். கோழிக்கொண்டையும் அப்படியே. இரண்டும் அதிகத் தண்ணீர் கேட்காதவை. பூ நன்கு விரிந்த நிலையில் காம்போடு அறுத்து, சிறு கட்டுகளாகக் கட்டி, காற்றோட்டமுள்ள இருட்டான அறையில் தலைகீழாகத் தொங்கவிட்டால் இரண்டு, மூன்று வாரத்தில் காய்ந்துவிடும். வெயிலில் காயவைத்தால் நிறம் போய்விடும். பூவிலை சரிந்த நாளில் பறித்த பூவைக் குப்பையில் கொட்டாமல் இப்படிக் காயவைத்து வைக்கலாம். பனங்குருத்தோலையில் பூச்செண்டு பின்னத் தெரிந்த கைகளும் நம் கிராமங்களில் இன்னும் இருக்கின்றன. கோட்டை பார்க்க வருகிறவர் ஊருக்கு எடுத்துப்போக அது நல்ல பொருள்.

கவனிக்க வேண்டியவை

கோட்டைக்குப் பக்கத்தில் நிலம் உள்ளவர்கள் நர்சரிக் கொட்டகை போடுமுன் விசாரிக்கவும். 2010-ல் திருத்தப்பட்ட தொல்சின்னச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும்.

மலைகளிலும் பக்கமலைக் காப்புக்காட்டிலும் போய்ச் செடி பிடுங்கி வந்து விற்பது குற்றம். காட்டுக்கும் கேடு. ஒரு தாய்ச் செடியை நர்சரியில் வாங்கிப் பெருக்குவதே முறை.

செலவு செய்யுமுன் சந்தையைப் பார்க்கவும். செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலைச் சாலையிலுள்ள கடை, விடுதி, மண்டபங்களில் பத்து இடங்களுக்குப் போய், என்ன செடி வைத்திருக்கிறார்கள், பிளாஸ்டிக்குக்கு எவ்வளவு செலவழித்தார்கள், எத்தனை மாதத்தில் வெளுத்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளவும். பத்தில் இரண்டு பேர் சரி என்றாலும் 200 பைகளோடு ஆரம்பிக்கலாம். யாருமே கேட்கவில்லை என்றால் பணத்தைப் போட வேண்டாம்.

பதியம் போடுவது, நிழல்வலை அமைப்பது பற்றிய சந்தேகங்களுக்கு வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுகலாம். திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கே நடக்கும் பயிற்சிகளை விசாரித்துக் கலந்துகொள்ளலாம்.

மருளும் மணி பிளான்ட்டும் இப்போதே வெட்டி நடலாம். காகிதப்பூக் குச்சிக்கு மழைக்காலம் வரை பொறுக்கவும். ஆயுதபூஜைக்கும் பொங்கலுக்கும் தோரணம் கட்ட வரப்பில் எத்தனை மாமரம், எத்தனை தென்னை இருக்கின்றன என்பதை இந்த வாரமே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.